பிரகாசமான காமா வெடிப்பை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்
காமா கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்வெளியிலிருந்து காமா கதிர்கள் திடீரென்று கொட்டும் நிகழ்வு. மங்கலான வெடிப்பில் போட்டான்கள் (ஒளித்துகள்கள்) போதவில்லை என்பதுதான் கவலை. பிரகாசமான வெடிப்பிலோ அவை கருவி தாங்காத அளவுக்கு வந்து குவிகின்றன. 2022 அக்டோபர் 9 அன்று பதிவான ஜிஆர்பி 221009ஏ, இதுவரை கண்டவற்றிலேயே மிகப் பிரகாசமானது. இந்த ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதன் தரவிலிருந்தே தொடங்கலாம்.

பெரிய தவறு, கோப்பில் உள்ள எண்ணிக்கையை அப்படியே நம்புவது. ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில் இவ்வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவி ஒவ்வொரு போட்டானின் துடிப்பையும் தனித்தனியாக அளக்கிறது. ஒன்றை அளந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை குறையும், நிறமாலையும் திரிந்துபோகும். ஆனாலும் அந்தத் தரவுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்திப் பார்த்தால் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும், ஆபத்தே அதில்தான். 221009ஏ-வின் உச்சத்தில் ஜிபிஎம், விண்ட் விண்கலத்திலுள்ள கோனஸ்-விண்ட் கருவி இரண்டுமே திணறின. ஃபெர்மி குழுவினர் பயன்படுத்தக் கூடாத நேரப் பகுதிகளை அறிவித்திருக்கிறார்கள். முதலில் அவற்றை நீக்குங்கள். அப்புறம், உச்சத்தைத் திணறாமல் அளந்த கருவிகளைத் தேடுங்கள். சீனாவின் ஜீகேம்-சி அப்படி அளந்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரமான ஜிஆர்பிஆல்ஃபாவும் அளந்தது! இவ்வளவு சிறிய செயற்கைக்கோளால் இது முடிந்தது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி தருகிறது. சிறிய உணரியில் விழும் போட்டான்கள் குறைவு. இங்கே அதுவே பலம்.

அடுத்தது தொடக்க நேரம். 221009ஏ-வை ஸ்விஃப்ட் என்ற மற்றொரு செயற்கைக்கோள் கவனித்தது ஃபெர்மிக்கு ஏறக்குறைய 53 நிமிடம் கழித்து. அது பார்த்தது பின்னொளியை, அதாவது வெடிப்புக்குப் பிறகு மெல்ல மங்கும் ஒளியைத்தான். நம் பால்வெளியிலுள்ள, எக்ஸ் கதிர் உமிழும் ஏதோ ஒரு பொருள் என்றே அது முதலில் கருதப்பட்டது. ஸ்விஃப்டின் நேரத்தைப் பூஜ்யமாக வைத்தால், பின்னொளி உண்மையில் மங்குவதைவிட மெதுவாக மங்குவதுபோலத் தெரியும்.

நீண்ட வெடிப்பு (இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பது) என்றாலே பெரிய விண்மீன் ஒன்று உள்நோக்கிச் சரிந்த குலைவு என்று முடிவு கட்டுவதும் வேண்டாம். 2023 மார்ச் 7-இல் வந்த ஜிஆர்பி 230307ஏ, பிரகாசத்தில் இரண்டாமிடம் பிடித்த நீண்ட வெடிப்பு. ஆனால் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதில் டெல்லூரியம் என்ற கனமான தனிமத்தின் தடயத்தைக் கண்டது. நியூட்ரான் விண்மீன் போன்ற இரு செறிந்த விண்மீன்கள் மோதி இணைந்ததையே அது சுட்டுகிறது.

கடைசியாக ஆற்றல். 221009ஏ-வுக்குச் சொல்லப்படும், 1-க்குப் பின் 55 பூஜ்யங்கள் கொண்ட எர்க் (ஆற்றலின் ஓர் அலகு) கணக்கு, எல்லாத் திசையிலும் சமமாகப் பாய்ந்ததாக வைத்துப் போட்டது. உண்மையில் அது குறுகிய தாரை. வெளிப்பட்ட ஆற்றல் அதைவிட மிகக் குறைவு. எண்ணைத் தரும்போது, அது சமதிசைக் கணக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.