குழந்தை விளையாடும்போது பரீட்சை வைக்காதீர்கள்

பிள்ளை தன் பாட்டுக்குக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும். நாம் பக்கத்தில் போய் உட்கார்ந்து "இது என்ன கலர்? மொத்தம் எத்தனை? சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுவோம். முதலில் இதை நிறுத்துங்கள். கோபுரம் எப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தையை அதிலிருந்து பிடுங்கி, நமக்கு விடை தெரிந்த ஒரு கேள்விக்கு இழுத்து வருகிறோம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். அப்புறம் பார்த்ததைச் சொல்லுங்கள்: "பெரிய கட்டையை அடியில் வைத்துவிட்டாய், இப்போது ஆடவில்லை." பெரிது, அடி, ஆடாமல் நிற்பதற்கான காரணம் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, அதுவும் குழந்தையின் கண் அந்தக் கட்டையின் மேல் இருக்கும்போதே காதில் விழுகிறது. கேள்வி கேட்டே ஆக வேண்டுமென்றால் "இன்னொன்று வைத்தால் என்ன ஆகும்?" போல, செய்து பார்த்தால்தான் தெரியும் என்கிற கேள்வியாக இருக்கட்டும். கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு யோசித்துப் பதில் சொல்ல நேரம் எடுக்கும்.

ஒரு வயதுக்குள் என்றால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டே போதும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் எங்கும் போய்விடவில்லை என்பது சுமார் 8 மாதத்தில்தான் பிடிபட ஆரம்பிக்கும், அதனால்தான் அந்த வயதில் அதற்கு அவ்வளவு சிரிப்பு. ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவதும் சேட்டை இல்லை, சோதனை. உடையாத பொருளாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றரை வயதுவாக்கில் பாவனை தொடங்கும், காலி டப்பாவைக் காதில் வைத்து ஹலோ என்பார்கள். இதைத்தான் நான் மற்ற எல்லா விளையாட்டுக்கும் மேலே வைப்பேன். ஒரு பொருளை இன்னொன்றாக நினைக்க முடிகிற மூளைதான் பின்னால் தாளில் போட்ட ஒரு கோட்டை எழுத்தாகவும் எண்ணாகவும் பார்க்கப் போகிறது. மூன்று வயதுக்கு மேல் உங்களுக்கும் வேஷம் கொடுப்பார்கள். கொடுத்த வேஷத்தைப் போடுங்கள். நீங்கள் நோயாளி என்றால் நோயாளிதான், ஊசி எப்படிப் போட வேண்டும் என்று டாக்டருக்குத் திருத்தம் சொல்லக் கூடாது!

இரண்டு வயதுப் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக விளையாடினால் கவலை வேண்டாம், அந்த வயதுக்கு அது இயல்பு. பொம்மையைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று திட்டுவதிலும் பயனில்லை.

பொம்மைகளைக் குறையுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோது விளையாடியதைவிட 4 மட்டும் இருந்தபோது சிறு குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். மீதியை உள்ளே வைத்துவிட்டு அவ்வப்போது மாற்றி எடுங்கள். பட்டனை அழுத்தினால் தானே பாடி ஆடும் பொம்மைகள் எனக்குப் பிடிப்பதில்லை, விளையாடுவது பொம்மைதான், குழந்தை வேடிக்கை பார்க்கிறது.

புதிர்ப்படத்தில் ஒரு துண்டு பொருந்தாமல் திணறினால் நீங்கள் எடுத்து வைத்துவிடாதீர்கள். துண்டை லேசாகத் திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பொறுமையாக இருப்பது நமக்குத்தான் கஷ்டம்.

நேரமில்லை என்பவர்களுக்கு: துணி மடிக்கும்போது சாக்ஸ் ஜோடி சேர்க்கக் கொடுங்கள், குளிக்கும்போது இரண்டு கப் கொடுத்து மாற்றி மாற்றி ஊற்றச் சொல்லுங்கள். திரையைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, 2 வயதுக்குக் கீழே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உங்கள் போனையும் பத்து நிமிடமாவது வேறு அறையில் வையுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையும் எதையும் 3 வயதுக்குள் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கலாம். காசு போல வட்டமாக இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தண்ணீர் விளையாட்டில் ஒரு நிமிடம்கூட நகராதீர்கள்.

விளையாட்டை முடிக்கும் நேரத்தில்தான் பாதி அழுகை. "இன்னும் ஐந்து நிமிடம்" என்பது மூன்று வயதுக்குப் புரியாது, "இன்னும் இரண்டு தடவை சறுக்கிவிட்டுக் கிளம்பலாம்" என்றால் புரியும். சொன்னபடி இரண்டாவது தடவை முடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.