வாரண்டி உள்ள காரில் செக் இன்ஜின் லைட் எரிந்தால் என்ன செய்வது?

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் எரிந்ததும் பலர் முதலில் தேடுவது, ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை. அவர் இரண்டு நிமிடத்தில் விளக்கை அணைத்துக் கொடுத்துவிடுவார். வாரண்டி காலத்தில் இதைவிட நஷ்டமான வேலை வேறு இல்லை. பழுதைச் சரிசெய்யும் பொறுப்பும் செலவும் கம்பெனியுடையது. பழுது இருந்ததற்கான ஆதாரம் அழியாமல் அவர்களிடம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

1. விளக்கு எப்படி எரிகிறது?

சாவியை ஆன் செய்து இன்னும் ஸ்டார்ட் செய்யாத நிலையில் அது எரிவது இயல்பு. ஸ்டார்ட் ஆன பிறகும் நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல் ஓடினால், மெதுவாக சர்வீஸ் சென்டர் வரை ஓட்டிப் போகலாம். ஆயில் அல்லது டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மினுக்கினாலும் வண்டியை ஓட்டக்கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதாவது இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே எரிந்து அதைப் பாழாக்கிவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயிலோடு முடிய வேண்டியது பெரிய செலவாக வளரும். 'விளக்கு மினுக்கியும் ஓட்டினீர்கள்' என்று வாரண்டியை மறுக்கவும் அது இடம் கொடுக்கும். கம்பெனியின் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எண்ணுக்குப் போன் செய்து டோ வண்டி கேளுங்கள்.

2. கண்ணால் பார்க்கக்கூடியவை

பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கமாக மூடுங்கள். சில கார்களில் அது தளர்ந்திருந்தாலே விளக்கு எரியும். இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் அளவையும் கூலண்ட் அளவையும் பாருங்கள். அப்புறம் பானெட்டுக்குள் எலிப் புழுக்கையோ கடித்த வயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். எலிக்கடி பொதுவாக வாரண்டியில் வராது. உங்கள் இன்சூரன்ஸில் வருமா என்று கேட்க வேண்டியிருக்கும். கடிபட்ட வயரில் நீங்களே டேப் சுற்ற வேண்டாம். போட்டோ எடுத்தால் போதும்.

3. கோட் எண்ணைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

விளக்கு எரியும்போது காரின் கம்ப்யூட்டர் அந்தப் பழுதுக்கான ஒரு கோட் எண்ணைப் பதிவு செய்துவைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பிஎஸ்6 (புகை அளவு விதிப்படி வந்த) பெட்ரோல், டீசல் கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, அதைப் படிப்பதற்கான 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சிறிய ப்ளூடூத் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள், அதோடு வேலை செய்யும் என்று குறிப்பிட்டிருக்கும் கருவியைப் பார்த்து வாங்க வேண்டும்.

வண்டி நிற்கும்போது கருவியைச் செருகி, சாவியை ஆன் செய்து, ஓபிடி ஆப்பில் இணையுங்கள். வரும் கோட் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதோடு 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். பழுது பதிவான நொடியில் இன்ஜின் வேகம், வண்டியின் வேகம், கூலண்ட் வெப்பம் எவ்வளவு என்பதை கார் தானே குறித்து வைத்திருக்கும். சர்வீஸ் சென்டரில் வைத்துப் பார்க்கும்போது வண்டி ஒழுங்காக ஓடினாலும், பழுது எந்த நிலையில் வந்தது என்று மெக்கானிக்குக் காட்டுவது இதுதான். ஆப்பில் உள்ள 'கிளியர்' பட்டனை அழுத்தினால் கோட் எண்ணோடு இந்தக் குறிப்பும் போய்விடும்.

தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பழுது தலைகாட்டாவிட்டால் பொதுவாக விளக்கு தானே அணைந்துவிடும். அதனால் எரியும்போதே கிலோமீட்டர் அளவும் தெரியும்படி டேஷ்போர்டைப் போட்டோ எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டிலேயே விட்டால் பேட்டரி இறங்கும்.

4. கோட் எண் எதைச் சொல்கிறது?

பழுதின் அறிகுறியைத்தான் சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். காரணம் ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் என எதுவாகவும் இருக்கலாம். நல்ல மெக்கானிக் முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டுப் பார்ப்பார். கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. இந்தச் சோதனையை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். வாரண்டி வண்டியில் நாம் பாகங்களைக் கழற்றக்கூடாது.

பி0171 என்றால் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. ஏர் பில்டர் குழாய் சரியாக மாட்டாமல் இருந்தால்கூட வரலாம். பி0420 கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிறது. ஆனால் ஆக்சிஜன் சென்சார் பழுதும் சைலன்சர் கசிவும் அதே எண்ணைக் கொண்டுவரக்கூடும்.

5. சர்வீஸ் சென்டரில்

'லைட் எரியுது, பாருங்க' என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் ஜாப் கார்டில் மூன்று விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: விளக்கு எரிந்த தேதியும் கிலோமீட்டரும், நீங்கள் படித்த கோட் எண், வண்டியில் உணர்ந்த மாற்றம். மாற்றத்தைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். 'பிக்கப் இல்லை' என்பதைவிட 'காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறுகிறது' என்பது மெக்கானிக்குப் பல மணி நேரத்தை மிச்சமாக்கும்.

'பெட்ரோல் சரியில்லை' என்பது அடிக்கடி வரும் பதில். பங்க் பில்களை வைத்திருங்கள். அப்படிச் சொன்னால் எந்தச் சோதனையில் தெரிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வெளிக் கடையில் கூடுதல் ஹார்ன், லைட் போட வயரை வெட்டி இணைத்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். அதுவே காரணமாக இருந்தால் ஸ்கேனில் தேடி நாட்கள்தான் வீணாகும்.

6. வண்டியை எடுக்கும்போது

எந்தப் பாகம் மாற்றினார்கள், வாரண்டியில் மாற்றினார்களா என்பது பில்லில் இருக்க வேண்டும். 'ஸ்கேன் செய்து கிளியர் செய்தோம்' என்று மட்டும் இருந்தால், கிளியர் செய்வதற்கு முன் வந்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அதே கோட் மறுபடி வந்தால் பழைய ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டி முடியும் தேதி நெருங்கியிருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் பழுது வாரண்டிக்குள் தொடங்கியது என்பதற்கு அந்த மின்னஞ்சலும் ஒரு சான்று. அதற்கும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கும்போது ஜாப் கார்டு, ஸ்கிரீன்ஷாட், பில் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.