மார்ச்சில் தொலையும் ஒரு மணி நேரம்

ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டீர்களா? சரி, அடுத்து மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு வருகிறது. அன்று அதிகாலை 2 மணி ஆனதும் நேரம் 3 மணிக்குத் தாவிவிடும். கைத்தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். அடுப்பிலும் காரிலும் உள்ள மணிக்கூட்டை நீங்கள்தான் மாற்ற வேண்டும். தொலைந்த அந்த ஒரு மணி நேரம் நவம்பர் முதல் ஞாயிறு திரும்பக் கிடைக்கும். 1996இல் இலங்கையில் நேரத்தை மாற்றியபோது "பழைய நேரமோ, புது நேரமோ" என்று கேட்டுத் திரிந்தது எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இங்கே அது வருடத்துக்கு இரண்டு தடவை.

ஒரு மணி நேரம்தானே என்று விட்டுவிடாதீர்கள். வந்த முதல் வருடம் நான் அப்படித்தான் விட்டேன். திங்கள் காலை 7 மணிக்கு மகளை எழுப்பினால், பிரஷை வாயில் வைத்தபடியே குளியலறைச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெளியே இன்னும் இருட்டு. மாற்ற மறந்த அடுப்பு மணிக்கூடு 6 என்று காட்டியது. அவள் உடம்புக்கும் அப்போது 6 மணிதான்.

மூளைக்குள்ளும் ஒரு மணிக்கூடு இருக்கிறது. காலையில் கண்ணில் படும் வெளிச்சம்தான் அதைச் சரிசெய்வது. ஊரில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு விடிவதால் நாங்கள் இதைக் கவனித்ததே இல்லை. இங்கே ஒரே இரவில் காலை இருட்டாகி, மாலை நீண்டுவிடுகிறது. நித்திரையைக் கொண்டுவரும் மெலட்டோனினும் பிந்துகிறது. உடம்பு பழகச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே நித்திரை பிந்தித்தான் வரும், அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஏச வேண்டாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. நேரம் முன்னே போன முதல் வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதாகச் சுவீடன் தரவுகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவில் அதே வாரத்தில் உயிர்போகும் வீதி விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக 2020இல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது. அதனால் இரவு வேலை முடித்து வருபவர்கள் அந்த வாரம் முடிந்தால் பஸ்ஸில் வாருங்கள். நெஞ்சு வலித்தால் "வாய்வு" என்று இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே 911ஐ அழையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நேரத்தை எப்படி நகர்த்துவது என்று ஃபார்மசிஸ்டிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

மாற்றத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே ஒவ்வொரு நாளும் 20 நிமிடம் முந்திப் படுங்கள். பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டையும் அப்படியே முன்னே தள்ளுங்கள். ஞாயிறு காலை, குளிர்தான், இருந்தாலும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது இதுதான். மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம்.

நவம்பர் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் மாலை 5 மணிக்கே சூரியன் போய்விடும். கறுப்பு ஜாக்கெட்டோடு வீதியைக் கடந்தால் கார்க்காரருக்குத் தெரியாது. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். நேரம் பின்னே போகும் அந்த இரவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை இருக்கும், சம்பளச் சீட்டில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஊருக்குக் கோல் எடுக்கும் நேரமும் மாறும். குளிர்காலத்தில் இங்கே இரவு 7 மணிக்கு எடுத்தால் அங்கே அதிகாலை 5.30. மார்ச்சுக்குப் பிறகு அது 4.30 ஆகிவிடும். அம்மாவைத் தூங்க விடுங்கள், 8 மணிக்கு எடுங்கள்.