ஒரு எம்.எல்.ஏ.வின் தேர்தல் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

முதலில் அட்டவணையைப் போடுங்கள். ஒரு போட்டிக்கு ஒரு வரி. இரண்டு தொகுதிகளில் நின்றிருந்தால் இரண்டு வரி: 1991-இல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று, காங்கேயத்தை விட்டுவிட்டார். தோற்ற தேர்தலுக்கும் கட்டாயம் வரி வேண்டும். 1996-இல் பர்கூரில் அவர் தோற்றதை விட்டுவிட்டால் பிற்பாடு தொகுதி மாறியது ஏன் என்றே புரியாது.

ஆண்டு, பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, தொகுதி, கட்சி, சின்னம், பெற்ற வாக்கு, செல்லத்தக்க மொத்த வாக்கு, எதிராளி, அவர் பெற்ற வாக்கு, பதவி எப்படி முடிந்தது என்று கட்டம் பிரியுங்கள். வித்தியாசத்தையும் சதவீதத்தையும் நீங்களே கணக்கிடுங்கள். பிறர் எழுதியதை அப்படியே எடுத்தால் அவர்கள் பிழையும் சேர்ந்து வரும்.

எண்களுக்கு அடிப்படை, தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை. அதில் இடைத்தேர்தல்கள் வராது, தனியே தேட வேண்டும். இதை மறந்தால் ஜெயலலிதாவின் 2002 ஆண்டிபட்டி, 2015 ஆர்.கே.நகர் வெற்றிகள் இரண்டும் விடுபட்டுப்போகும்.

அதிகம் சறுக்குவது கட்சிக் கட்டத்தில்தான். 1957-இல் திமுகவுக்கு ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. அதனால் குளித்தலையில் வென்ற கருணாநிதி பதிவேட்டில் சுயேச்சை. 1989-இல் அதிமுக பிளந்து கிடந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. பதிவில் உள்ளதை அப்படியே எழுதி, விளக்கத்தைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்தால் பின்னால் சரிபார்க்கவே முடியாது.

தொகுதிப் பெயரும் ஏமாற்றும். கருணாநிதி 1996, 2001, 2006 தேர்தல்களில் வென்ற சேப்பாக்கம், 2008 தொகுதி எல்லை மறுசீரமைப்புக்குப் பின் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஆனது. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியிருக்கலாம் என்பதால், 2006 வாக்குகளை 2011 வாக்குகளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். 1952, 1957 தேர்தல்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. முதல் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் வெற்றி வித்தியாசம் ஆகாது.

இடைவெளி தெரிந்தால் காரணம் தேடுங்கள். 1984 பொதுத்தேர்தலில் கருணாநிதி நிற்கவில்லை. அப்போது அவர் தமிழகச் சட்ட மேலவை உறுப்பினர். அந்த மேலவை 1986-இல் ஒழிக்கப்பட்டது. 1991-இல் துறைமுகம் தொகுதியில் 890 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர், விரைவிலேயே ராஜினாமா செய்தார். ‘பதவி எப்படி முடிந்தது’ என்ற கடைசிக் கட்டம் இல்லாவிட்டால் 1996 வரை அவர் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்ததுபோலத் தோன்றும்.

வகித்த பதவிகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். 2001 மே மாதம் முதல்வராகப் பதவியேற்றபோது ஜெயலலிதா சட்டமன்ற உறுப்பினர் அல்ல. அவரது வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன. செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி போனது. ஆண்டிபட்டியில் வென்றபின் 2002 மார்ச்சில் மீண்டும் முதல்வரானார். இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கினால் இந்த வரிசை குழம்பிவிடும்.

ஒரே பெயரில் பலர் நிற்பதுண்டு, ஆங்கில எழுத்துக்கூட்டலும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அண்மைத் தேர்தல்களுக்கு, வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் தந்தை அல்லது கணவர் பெயரையும் வயதையும் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய தேர்தல்களுக்குச் சட்டமன்றச் செயலகத்தின் உறுப்பினர் விவரத் தொகுப்பும் அந்நாளைய நாளிதழ்களும் உதவும். பத்திரத்திலுள்ள வீட்டு முகவரி, கைபேசி எண்களை வெளியிட வேண்டாம்.

டெபாசிட் போனதா என்று பார்க்க, செல்லத்தக்க வாக்குகளை 6-ஆல் வகுங்கள். அதைத் தாண்டியிருந்தால் தப்பியது. 2013-இல் வந்த நோட்டா (யாருக்கும் வாக்கில்லை) வாக்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.