லாக்டுலோஸ் சிரப் குடிக்கிறவங்க கவனத்துக்கு

மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் எழுதிக் குடுத்தா, ராத்திரி குடிச்சிட்டு காலைல ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொரு மூடி ஊத்திக்காதீங்க, அது வேலை செய்யவே 1-2 நாள் ஆகும். பாகு மாதிரி ஒரே தித்திப்பு, எங்கப்பா மூஞ்சிய சுளிப்பார், தண்ணில கலந்து குடுத்தா இறங்கிடும். மொதல்ல கொஞ்ச நாள் வயிறு உப்பும், கேஸ் போகும், பயப்பட வேணாம்.

லிவர் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி கெட்டுப்போற நோய்) இருக்கறவங்களுக்கு இத குடுக்கறது மோஷனுக்காக மட்டும் இல்ல, குடல்ல சேர்ற அம்மோனியாங்கற நச்சுக் கழிவு ரத்தத்துல ஏறி மூளைய குழப்பாம இருக்கத்தான், அதனால ஒரு நாளைக்கு 2-3 தடவை இளக்கமா போகணும், அதான் நல்லா போகுதேன்னு நாமளா நிறுத்தவே கூடாது. தண்ணியா போனாலோ, ஆள் தூக்கக் கலக்கத்துல சம்பந்தமில்லாம பேசினாலோ உடனே டாக்டர்ட்ட போயிடுங்க. சுகர் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.