பாட்காஸ்ட் கேட்க ஆரம்பிப்பது எப்படி: முதலில் நேரம், அப்புறம் நிகழ்ச்சி

பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் எபிசோடு எபிசோடாக வரும், வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளும் ஒலி நிகழ்ச்சி, கேட்கத் தொடங்குகிறவர்களில் நிறைய பேர் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். யாரோ ஒருவர் "இதைக் கேட்டுப் பாரு, அருமையா இருக்கும்" என்று ஒரு பேரைச் சொல்வார். தேடிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் எபிசோடுகள், பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், எதிலிருந்து ஆரம்பிப்பது, எப்போது கேட்டு முடிப்பது என்று ஒன்றும் புரியாது, முதல் எபிசோடில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். நிகழ்ச்சியில் ஒரு குறையும் இருக்காது. கேட்ட நேரம்தான் அதற்குப் பொருந்தாத நேரம்.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் தலைகீழாகத்தான் சொல்வேன். உங்கள் காது எப்போது சும்மா இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அந்த நேரத்துக்கு ஏற்ற நிகழ்ச்சியை அப்புறம் தேடுங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசைப்படிதான்.

படி 1: காது சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பது

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொண்டு, கைக்கும் கண்ணுக்கும் வேலை இருந்து மனசு மட்டும் சும்மா இருக்கிற நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, தெரிந்த பாதையில் நடப்பது, வீட்டைப் பெருக்குவது, இதெல்லாம் முதல் தரமான நேரம். பஸ்ஸிலோ ரயிலிலோ நின்றுகொண்டு போவது அடுத்தது, ஏனென்றால் இறங்க வேண்டிய இடத்தின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். படுத்த பிறகு தூக்கம் வருவதற்கு முந்தைய நேரம் தனி ரகம்.

மின்னஞ்சல் எழுதும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் பேச்சு நிகழ்ச்சி வேண்டாம். எழுதுவதும் சொற்கள், கேட்பதும் சொற்கள், இரண்டும் முட்டிக்கொள்ளும், கடைசியில் எதுவும் ஒழுங்காக நடக்காது.

படி 2: ஆப் ஒன்றைப் பிடிப்பது

இதில் ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும். ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் நல்ல தேர்வு: இலவசம், கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை, ஓப்பன் சோர்ஸ் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டிலும் ஓடும். ஸ்பாட்டிஃபையில் ஏற்கெனவே பாட்டுக் கேட்கிறவர்கள் அதிலேயே ஆரம்பிக்கலாம்.

எந்த ஆப்பாக இருந்தாலும் பெரும்பாலும் அதே நிகழ்ச்சிகள்தான் கிடைக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துபவர் ஒலிக்கோப்பை ஒரு சர்வரில் வைத்துவிட்டு, எபிசோடுகளின் பட்டியலை ஆர்எஸ்எஸ் என்ற ஒரு முகவரியில் வெளியிடுகிறார். ஆப் அந்த முகவரியை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக ஏதாவது வந்திருந்தால் உங்களுக்குக் காட்டுகிறது. 2005-ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டைச் சேர்த்தபோதும் இதே ஏற்பாடுதான், இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. ஒரு சில நிகழ்ச்சிகள் மட்டும் ஒரே ஆப்புக்கு என்று பூட்டி வைக்கப்பட்டிருக்கும்.

போட்டவுடன் செட்டிங்ஸில் நாலு விஷயத்தை மாற்றுங்கள். வைஃபையில் மட்டும் டவுன்லோட் ஆகட்டும். தானாக இறங்கும் எபிசோடுகள் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். கேட்டு முடித்ததும் கோப்பு அழிந்துவிடட்டும். புது எபிசோட் வந்தால் மணி அடிக்கும் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர எபிசோட் கிட்டத்தட்ட 58 எம்பி வரும், கவனிக்காமல் விட்டால் போன் சீக்கிரம் நிரம்பிவிடும்.

படி 3: நேரத்துக்கு ஏற்ற நிகழ்ச்சி

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். நான் கேட்பவற்றை வகைவகையாகச் சொல்கிறேன், ஆனால் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எந்த நேரத்துக்கு எது பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள்.

நடைக்கு என் முதல் தேர்வு '99% இன்விசிபிள்'. ரோமன் மார்ஸ் 2010-ல் தொடங்கியது. நம்மைச் சுற்றி இருந்தும் நாம் கவனிக்காத வடிவமைப்புகள்தான் அதன் விஷயம். புதியவர்கள் 2014-ல் வந்த 'ஸ்ட்ரக்சுரல் இன்டெக்ரிட்டி' என்ற எபிசோடில் ஆரம்பிக்கலாம். நியூயார்க்கில் 1977-ல் கட்டி முடித்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் கதை அது. மனையின் ஒரு மூலையில் தேவாலயம் இருந்ததால் தூண்களை மூலைகளில் வைக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்துக் கட்டினார்கள். மூலைவாட்டில் அடிக்கிற காற்றுதான் அதற்கு எதிரி, போதாக்குறைக்கு வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகளில் போல்ட் போட்டிருந்தார்கள். இது 1978-ல் பொறியாளருக்குத் தெரிய வந்ததும், உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குக்கூடச் சொல்லாமல் இரவு இரவாக வெல்டிங் வைத்துப் பலப்படுத்தினார்கள். அந்தக் கட்டடத்தைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டு கணக்குப் போட்ட டயான் ஹார்ட்லி என்ற மாணவியும் இந்தக் கதையில் வருகிறார். நடந்துகொண்டே கேளுங்கள், முடிந்த பிறகு எந்த உயரமான கட்டடத்தைப் பார்த்தாலும் கண் தானாகத் தூணைத் தேடும். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி, இடையில் ஒரு நிமிடம் கவனம் சிதறினாலும் கதையைப் பிடித்துக்கொள்ள விடுகிறது, நடைக்கு வேண்டியது அதுதான்.

பாத்திரம் தேய்க்கும் நேரத்துக்கு உரையாடல் நன்றாக ஒட்டும். பிபிசி ரேடியோ 4-ன் 'இன் அவர் டைம்' எனக்கு மிகவும் பிடித்தது. 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், அவ்வளவுதான். தொடக்க இசை கிடையாது, "ஹலோ" என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குள் போய்விடுவார், யாராவது சுற்றி வளைத்தால் இடைமறித்து இழுத்துக்கொண்டு வருவார். பாட்காஸ்ட் வடிவத்தில் கடைசியில் இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாக வரும். நிகழ்ச்சி முடிந்த பிறகு, சொல்ல விட்டுப்போனது என்ன என்று அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், அப்போது தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்பார். அந்த நிமிடங்களில்தான் பேராசிரியர்கள் தயக்கத்தை விட்டுவிட்டு மனசில் இருப்பதைச் சொல்வார்கள். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது என்றால் குட்டி எபிசோடுகள். பிரிட்டிஷ் மியூசியத்தின் 100 பொருள்களை வைத்து நீல் மெக்ரெகர் 2010-ல் பிபிசிக்காகச் செய்த 'எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்டு இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்' தொடரில் ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான். பொருளாதாரம் என்றாலே ஓடுகிறவர்களுக்கு 2008 நிதி நெருக்கடிச் சமயத்தில் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் தொடங்கிய 'பிளானட் மணி'. 2013-ல் இவர்கள் தாங்களே ஒரு டி-ஷர்ட் தயாரிக்க இறங்கி, பருத்தி வயலிலிருந்து வங்கதேசத்திலும் கொலம்பியாவிலும் தைக்கும் இடம் வரை பின்தொடர்ந்தார்கள், உலக வணிகத்தை எனக்கு அவ்வளவு கண்ணெதிரே காட்டியது வேறெதுவும் இல்லை.

நீண்ட பயணம், ஒரே மூச்சில் பல மணி நேரம் இருக்கிறதா? டேன் கார்லினின் 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி'. முதல் உலகப்போரைப் பற்றிய அவருடைய ஆறு பாகத் தொடர் மட்டுமே 20 மணி நேரத்தைத் தாண்டும். பத்துப் பத்து நிமிடமாகப் பிய்த்துக் கேட்டால் அது பாழாகிவிடும். அவருடைய பழைய எபிசோடுகள் ஒரு கட்டத்தில் இலவசப் பட்டியலிலிருந்து போய்விடும், கண்ணில் பட்டபோதே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இசை பிடித்தவர்களுக்கு ரிஷிகேஷ் ஹிர்வே 2014-ல் தொடங்கிய 'சாங் எக்ஸ்ப்ளோடர்'. ஒரு பாட்டைச் செய்தவரே அதைப் பிரித்துப் போட்டு, இது டிரம்ஸ் மட்டும், இது குரல் மட்டும் என்று காட்டிவிட்டுக் கடைசியில் முழுப் பாட்டையும் ஒலிக்கவிடுவார்கள். இதற்கு ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி காதில் விழாது.

குற்றக் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் வந்த 'சீரியல்' முதல் சீசன், 12 எபிசோடுகள், இந்த ஊடகத்தையே பெரிதாக்கியது. சாரா கோனிக் நம்மிடம் தன் சந்தேகங்களையும் மறைக்காமல் சொல்லும் விதம் இன்றும் புதிதாக இருக்கிறது. ஆனால் அதில் இறந்துபோன ஹே மின் லீ உண்மையான பெண், பள்ளிக்கூட மாணவி. நிகழ்ச்சி முடிந்த பிறகும் வழக்கு முடியவில்லை, அவரைக் கொன்றதாக அத்னான் சையதுக்கு எதிராக வந்த குற்றத்தீர்ப்பு 2022-ல் ரத்தாகி 2023-ல் திரும்பவும் நிலைநிறுத்தப்பட்டது. கேட்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். படுக்கும் நேரத்துக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம்.

ஆங்கில உச்சரிப்பு ஆரம்பத்தில் பிடிபடாமல் போகலாம், அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். '99% இன்விசிபிள்' தளத்தில் எழுத்து வடிவம் கிடைக்கும், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸிலும் 2024 முதல் ஆங்கில எபிசோடுகளுக்கு ஓடும்போதே எழுத்து வருகிறது. தமிழில் கேட்க வேண்டும் என்றால் தீபிகா அருணின் 'கதை ஓசை'. தமிழ்ப் புனைகதைகளை அவர் குரலில் கேட்கலாம், துணி மடிக்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்தில் மூன்றே நிகழ்ச்சி போதும். ஒரு நேரத்துக்கு ஒன்று.

படி 4: எந்த எபிசோடிலிருந்து?

தொடர்கதையாகப் போகிறதா, தனித்தனியா என்று பாருங்கள். 'சீரியல்' மாதிரியானவற்றை முதல் எபிசோடிலிருந்துதான் கேட்க வேண்டும். ஆப் பெரும்பாலும் புதியதை மேலே வைத்திருக்கும், அதனால் வரிசையைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செய்தி நிகழ்ச்சி என்றால் இன்றையது மட்டும், நேற்றையதைப் பிடிக்க ஓட வேண்டாம். தனித்தனி எபிசோடு என்றால் உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்த தலைப்பை எடுங்கள், அந்த நிகழ்ச்சி எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பது அதில்தான் சட்டென்று தெரியும்.

பழைய நிகழ்ச்சிகளின் முதல் எபிசோடுகளில் ஒலித்தரம் சுமாராக இருப்பது சகஜம். மைக் டங்கன் 2007 முதல் 2012 வரை தனி ஆளாகச் செய்து முடித்த 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' அப்படித்தான் ஆரம்பிக்கும், போகப் போகக் குரலும் நடையும் எப்படித் தேறுகின்றன என்பதைக் கேட்பதே ஒரு சந்தோஷம்.

படி 5: வரிசையை நீங்களே போடுங்கள்

ஃபாலோ செய்வது வேறு, கேட்பது வேறு. ஃபாலோ செய்த எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும் என்று நினைத்தால் அது வேலையாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, புதிதாக வந்ததைப் பார்த்து, வேண்டியதை மட்டும் வரிசையில் சேர்த்துவிட்டு மற்றதைக் கேட்டதாகக் குறித்துத் தள்ளிவிடுங்கள். கனமான ஒன்றுக்குப் பிறகு லேசான ஒன்று வருகிற மாதிரி அடுக்கினால் அலுக்காது. ஆப்பே அடுத்ததைத் தேர்ந்தெடுத்து ஓட்டும் வசதியை அணைத்து வையுங்கள், வரிசை முடிந்தால் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும்.

படி 6: வேகம்

ஒரு மணி நேரத்தை 1.25 மடங்கு வேகத்தில் கேட்டால் 48 நிமிடம், 1.5-ல் 40 நிமிடம். நிதானமாகப் பேசும் உரையாடல்களுக்கு 1.2 சரியாக இருக்கும். இசை, கதை வாசிப்பு, ஒலியமைப்பு நுணுக்கமான நிகழ்ச்சிகள், இவற்றின் மேல் கை வைக்காதீர்கள், அந்த இடைவெளிகளையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே உள்ள மௌனத்தைத் தானாக வெட்டும் வசதியும் அப்படித்தான், உரையாடலுக்குப் போடலாம், கதைக்கு வேண்டாம். வேகத்தை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக வைக்கப் பல ஆப்களில் இடம் இருக்கிறது.

படி 7: சத்தமும் தூக்கமும்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை. போனின் ஒலியை 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. இரைச்சலான இடத்தில் கேட்பவர்கள் ஒலியைக் கூட்டுவதைவிட வெளிச்சத்தத்தைத் தடுக்கும் இயர்போன் வாங்குவது நல்லது, ஆனால் ரோட்டில் நடக்கும்போது அதையும் கழற்றிவிடுங்கள் அல்லது ஒரு காதில் மட்டும் போடுங்கள். படுக்கும்போது ஸ்லீப் டைமர், எபிசோட் முடிந்ததும் நிற்கிற மாதிரி.

படி 8: விடுவதும் வைத்துக்கொள்வதும்

ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று எபிசோட் வாய்ப்புக் கொடுங்கள், அதற்குப் பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் அன்ஃபாலோ. உலகமே புகழ்ந்தாலும் சரி. ஆனால் விடுவதற்கு முன்னால் ஒருமுறை வேறு நேரத்தில் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் எரிச்சலூட்டிய நீண்ட உரையாடல், வீட்டில் வேலை செய்யும்போது அப்படியே உள்ளே இழுத்துக்கொள்வதுண்டு.

பிடித்த எபிசோடின் பெயரையும், மனசில் நின்ற இடத்தின் நிமிடத்தையும் போனில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். யாருக்காவது அனுப்பும்போது "12-வது நிமிடத்திலிருந்து கேள்" என்று சொன்னால் அவர்கள் உண்மையிலேயே கேட்பார்கள். வெறும் லிங்க் அனுப்பினால் அது அப்படியே கிடக்கும்.

கடைசியாக, செட்டிங்ஸில் ஓபிஎம்எல் ஏற்றுமதி என்று ஒன்று பல ஆப்களில் இருக்கும். நீங்கள் ஃபாலோ செய்யும் பட்டியல் முழுவதையும் ஒரு சின்னக் கோப்பாகக் கொடுத்துவிடும், அதை வேறு ஆப்பில் ஏற்றினால் எல்லாம் அங்கே வந்துவிடும். பாட்காஸ்ட் ஆப்களே மூடப்படுவதும் உண்டு, அப்போது இது கைகொடுக்கும்: ஸ்டிச்சர் 2023-ல் மூடப்பட்டது, கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டது. ஸ்பாட்டிஃபையில் இந்த வசதி கிடையாது, அதில் கேட்பவர்கள் பட்டியலை எங்காவது தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வசதி உள்ள ஆப்களில் கேட்பவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தக் கோப்பை எடுத்து மின்னஞ்சலில் தங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் போதும்.