அணையாத இன்புட்: மூன்று நாளைத் தின்ற ஒற்றை ரெசிஸ்டர்

பி.எல்.சி. (மெஷின்களை இயக்கும் கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. கன்வேயரில் டப்பா வந்ததைச் சொல்லும் புராக்ஸிமிட்டி சென்சார், டப்பா நகர்ந்த பிறகும் சில நேரம் ஆன் ஆகவே நின்றது. சில நேரம்தான், எப்போதும் இல்லை.

முதலில் லேடரை, அதாவது பி.எல்.சி. புரோகிராமைச் சந்தேகித்து டைமர் போட்டுப் பார்த்தேன். பலனில்லை. அப்புறம் சென்சாரை மாற்றினேன், கேபிளையும் மாற்றினேன். அதே கதை. சென்சார் வயரை பி.எல்.சி.யின் பக்கத்து இன்புட்டுக்கு (சிக்னல் வாங்கும் முனைக்கு) மாற்றியதும் சரியாக வேலை செய்தது. இதில்தான் நன்றாகக் குழம்பினேன்.

மூன்றாம் நாள் கவனித்தேன்: டப்பா இல்லாதபோதும் அந்த இன்புட்டின் எல்.இ.டி. மங்கலாக எரிந்தது. மீட்டர் வைத்தேன், 7 வோல்ட். இந்த வகை 24 வோல்ட் இன்புட்டுக்கு 5 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் ஆஃப் என்பது உறுதி. 15-க்கு மேலே ஆன். நடுவில் எப்படி வேண்டுமானாலும் படிக்கும். ஒரு இன்புட்டில் வந்த கோளாறு அடுத்ததில் வராததும் இதனால்தான்.

தொடக்கத்தில் அந்த இடத்தில் இருந்த சென்சார் மூன்று வயர். ஸ்டாக் இல்லையென்று இரண்டு வயர் சென்சார் போட்டிருந்தார்கள். அது ஆஃபில் இருந்தாலும் தன் உள் சர்க்யூட்டுக்காகச் சிறிது கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் இன்புட்டில் 7 வோல்ட்டாக நின்றது.

இன்புட்டுக்கும் 0 வோல்ட்டுக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன், அந்தக் கரண்டில் பெரும்பகுதி அதன் வழியாகப் போய்விடும். ஆன் ஆகும்போது அதில் கால் வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும், அதனால் அரை வாட் ரெசிஸ்டர்தான் போட வேண்டும். இப்போது ஆஃபில் 2 வோல்ட்டுக்கும் குறைவு, எல்.இ.டி. முழுதாக அணைகிறது. அப்பாடா!

போட்ட டைமரை மறக்காமல் நீக்கிவிட்டேன்.